ஹெலிகாப்டரில் ஏறும் முன் படிக்க வேண்டிய பத்திரம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1965-இல் ஹெலி-ஸ்கீயிங் ஒரு தொழிலாக உருவெடுத்தது. ஆஸ்திரியாவிலிருந்து குடியேறிய மலை வழிகாட்டி ஹான்ஸ் க்மோசர், பகாபூ மலைகளில் விருந்தினர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிச் சென்று உயரத்தில் இறக்கிவிட்டார். யாரும் மிதிக்காத பனியில் வழிகாட்டியின் பின்னால் சறுக்கி இறங்கினால், கீழே ஹெலிகாப்டர் காத்திருக்கும். இன்று ஒரு வாரப் பயணத்துக்கு ஆளுக்குப் பத்தாயிரம் கனடிய டாலருக்கு மேல் கேட்கிறார்கள். இவ்வளவு பணம் கொடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் பனியின் ஆழத்தை விசாரிக்கிறார்கள், விடுதிச் சாப்பாட்டை விசாரிக்கிறார்கள். நிறுவனம் நீட்டப்போகும் பொறுப்பு விலக்குப் பத்திரத்தைக் கேட்பவர்கள் குறைவு. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

‘வெய்வர்’ என்று பரவலாக அறியப்படும் அந்தப் பத்திரத்தின் சாரம் இது: நிறுவனமோ வழிகாட்டியோ கவனக்குறைவாக நடந்து, அதனால் நீங்கள் காயப்பட்டாலும் இறந்தாலும், நீங்களோ உங்கள் குடும்பமோ இழப்பீடு கேட்க முடியாது. வெறும் சம்பிரதாயம், நீதிமன்றத்தில் நிற்காது என்று நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. அந்த நம்பிக்கை தவறு. 1991 மார்ச்சில் பகாபூவில் ஒரு பனிச்சரிவு 9 பேரைக் கொன்றது. இறந்தவர் ஒருவரின் குடும்பம் வழக்குத் தொடுத்தது. 1996-இல் மாகாண உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தபோது, கையெழுத்திட்ட பத்திரம் செல்லும் என்றும் சொன்னது. அதே நாட்டின் க்யூபெக் மாகாணத்திலோ, உடற்காயத்துக்கான பொறுப்பை ஒப்பந்தம் போட்டுத் தட்டிக்கழிக்க சிவில் சட்டத்தின் 1474-ஆம் பிரிவு இடம்கொடுப்பதில்லை. நீங்கள் பறக்கப்போவது எந்த மாகாணத்தில் என்பதைப் பொறுத்தே உங்கள் உரிமை அமைகிறது.

ஆகவே முன்பணம் கட்டும் முன்பே பத்திரத்தின் நகலை வாங்கிப் படியுங்கள். விடுதிக்குப் போய்ச் சேர்ந்த இரவில், பணமெல்லாம் கட்டிவிட்ட நிலையில், மறுக்கும் துணிவு யாருக்கு வரும்? நகலை முன்கூட்டியே தர மறுக்கும் நிறுவனம் உங்களுக்கு வேண்டாம்.

மலையில் உள்ள ஆபத்தையும் நேராகப் பார்க்க வேண்டும். பனிச்சரிவில் முழுவதும் புதைந்தவரைச் சுமார் 10 முதல் 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அதற்குப் பிறகு வாய்ப்பு செங்குத்தாகச் சரிகிறது. வெளியிலிருந்து மீட்புக் குழு வந்து சேர்வதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். உங்களைக் காப்பாற்றப் போவது கூட வந்தவர்கள்தான், அவர்களும் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள். அதனால் முதல் நாள் எவ்வளவு நேரம் மீட்புப் பயிற்சி நடக்கிறது, ஒவ்வொருவருக்கும் புதைந்தவரைக் கண்டறிய உதவும் டிரான்ஸீவரும் மண்வெட்டியும் துழாவுகோலும் தருகிறார்களா என்று கேளுங்கள். மரங்களின் அடியைச் சுற்றித் தளர்ந்த பனி மூடிய குழிகளும் இருக்கும். அதில் தலைகீழாக விழுந்தவர் தானாக வெளியே வருவது மிகக் கடினம். கண்ணெட்டும் தூரத்தில் ஒரு துணை இருந்தே தீர வேண்டும்.

ஹெலிகாப்டரே ஓர் ஆபத்து. 2021 மார்ச்சில் அலாஸ்காவின் நிக் பனியாற்றுக்கு அருகே இப்படியொரு ஹெலிகாப்டர் விழுந்து 5 பேர் இறந்தார்கள், ஒருவர் பிழைத்தார். மீட்புக் குழுவுக்குத் தாமதமாகத் தகவல் போனது அவருடைய காயங்களை மோசமாக்கியது என்று அமெரிக்க விசாரணை வாரியம் கண்டது. ஹெலிகாப்டரிலிருந்து தகவலே இல்லை என்றால் எத்தனை நிமிடத்தில், யார், யாரைக் கூப்பிடுவார்கள்? இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் வர வேண்டும்.

சில நிறுவனங்கள் வாரத்துக்கு இத்தனை மீட்டர் இறக்கம் என்று உறுதி தருகின்றன. எனக்கு அதில் ஒரு கவலை உண்டு. கொடுத்த காசுக்கான கணக்கைத் தீர்க்க வேண்டும் என்ற அவசரம் விருந்தினர்களிடம் தொற்றினால், மோசமான நாளிலும் வழிகாட்டியை நெருக்குவார்கள். வானிலையால் பறக்காத நாளுக்கு வாக்குவாதமில்லாமல் பணத்தைத் திருப்பித் தரும் நிறுவனமே மேல். வழிகாட்டிக்குக் கனடிய மலை வழிகாட்டிகள் சங்கத்தின் சான்றிதழ் உண்டா என்றும் பாருங்கள்.

சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஹெலி-ஸ்கீயிங்கும் பனிச்சறுக்கு மையத்தின் எல்லைக்கு வெளியே சறுக்குவதும் விலக்கப்பட்டிருக்கும். ஒன்டாரியோ போன்ற பிற மாகாணவாசிகள் தங்கள் சுகாதார அட்டை போதும் என்று இருந்துவிடுகிறார்கள். வேறு மாகாணத்தில் ஆம்புலன்ஸ் செலவை அந்த அட்டை ஏற்காது. இந்த விளையாட்டின் பெயரைச் சொல்லி, காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சமன்படுத்திய தடங்களில் மட்டும் சறுக்கிப் பழகியவருக்கு இந்தப் பணம் வீண் என்பேன். ஆழ்பனியில் நாள் முழுக்க விழாமல் இறங்கக்கூடியவர், கடன் வாங்காமல் போகிறவர், பத்திரத்தைப் படித்த பிறகும் மனம் மாறாதவர் போகலாம்.

விபத்து நேர்ந்துவிட்டால் எல்லா வழியும் அடைபட்டுவிடாது. விடுதிக்கு ஏற்றிச் செல்லும் பேருந்து மோதிக் காயப்பட்டால், மோட்டார் வாகன விபத்துக்கான இழப்பீட்டை இத்தகைய பத்திரம் தடுக்காது என்று 2014-இல் பிரிட்டிஷ் கொலம்பியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைக்காகப் பெற்றோர் போடும் கையெழுத்து அந்தப் பிள்ளையின் உரிமையைப் பறிக்காது என்பது அதே மாகாணத்தின் 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அங்கே பெரியவர்கள் வழக்குத் தொடுக்கப் பொதுவாக 2 ஆண்டுதான் அவகாசம். கையெழுத்திட்ட நகல், படங்கள், கூட இருந்தவர்களின் தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, விபத்து நடந்த மாகாணத்து வழக்கறிஞர் ஒருவரை முதல் மாதத்திலேயே பாருங்கள்.