பரணில் இருக்கும் வெயில்

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரம் பாலைவனத்தில் இருக்கிறது. 2023 கோடையில் அங்கே தொடர்ந்து 31 நாள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது.

அங்கே சில வீடுகளில், "ஏசி ஓடிக்கிட்டே இருக்கு, ரூம் குளிரவே இல்லையே!" என்பார்கள். ஏன் தெரியுமா? கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே பரண் இருக்கிறது. அங்கே வெளியைவிடச் சூடு அதிகம். விளக்குக்கும் வயருக்கும் சீலிங்கில் ஓட்டை போட்டிருப்பார்கள். குளிர்ந்த காற்று கனமானது. அது கீழே இறங்கி, கதவு இடுக்கு வழியே வெளியே போய்விடும். உடனே பரணின் சூடான காற்று அந்த ஓட்டைகள் வழியே உள்ளே வரும்.

"பரணில் பஞ்சு போட்டிருக்கே, போதாதா?" போதாது. ஸ்வெட்டருக்குள் காற்று புகுவதில்லையா? அதுபோலப் பஞ்சுக்குள்ளும் புகும். முதலில் ஓட்டைகளைப் பசையால் அடைக்க வேண்டும். பிறகுதான் பஞ்சு.

ஓட்டையைத் தேட ஊதுபத்தி போதும். அம்மாவையோ அப்பாவையோ சீலிங் அருகே பிடிக்கச் சொல்லுங்கள். எங்கே புகை ஆடுகிறது, பாருங்கள். பரணில் மட்டும் ஏறாதீர்கள். கோடைப் பகலில் பெரியவர்களுக்கே அங்கே ஆபத்து, விடியற்காலையில்தான் ஏறுவார்கள்.