கையெழுத்துக்கும் கண்ணுக்கும் இடையே ஆறு மணி நேரம்

கைகொடுப்போர் – 9

சிபி மன்னன் கதையைக் கண்டியில் இரண்டு விதமாகக் கேட்கலாம். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் பக்கம் கேட்டால், புறாவைக் காப்பாற்றத் தன் தசையை அரிந்து தராசில் வைத்தவன் என்பார்கள். சோழர்கள் தங்கள் முன்னோன் என்று பெருமை கொண்டாடிய அரசன் அவன். கொஞ்ச தூரம் நடந்து ஒரு பௌத்தப் பன்சலையில் கேட்டால் வேறு கதை வரும். பார்வையற்ற முதிய பிராமணனாக வேடமிட்டு வந்த சக்கனுக்கு, அதாவது நம் இந்திரனுக்கு, தன் இரண்டு கண்களையும் பெயர்த்துக் கொடுத்தவன் அங்கே சிபி. கண்ணை எடுக்க அரண்மனை வைத்தியர் ஒருவரும் அந்த ஜாதகக் கதையில் வருகிறார்.

பௌத்தம் தானத்தை மூன்று படிகளாக வைக்கிறது: பொருளைக் கொடுப்பது, உறுப்பைக் கொடுப்பது, உயிரையே கொடுப்பது. நடுப்படியில் நிற்பது கண். இப்படியொரு நம்பிக்கை ஊறிய மண்ணில் கண் தானம் வேர்விட்டதில் வியப்பில்லை. ஆனால் கதை மட்டும் கண்ணைக் கொண்டுவந்து சேர்த்துவிடாது. அதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆள் ஹட்சன் சில்வா. 1958இல் மருத்துவ மாணவராக இருந்தபோதே ‘லங்காதீப’ நாளிதழில், இறந்தபின் கண்களைத் தாருங்கள் என்று எழுதினார். மனைவி இரங்கனியும் கூடவே நின்றார். 1960இல் அவருடைய தாயார் காலமானார். ஊருக்குச் சொன்னதை மகன் முதலில் தன் வீட்டில் செய்தார். அம்மாவின் கண்கள் ஓர் ஏழை விவசாயிக்குப் பார்வை கொடுத்தன. 1961இல் இலங்கைக் கண் தான சங்கம் முறைப்படி உருவானது. தொடக்க காலத்தில் கண்களைப் பாதுகாத்தது அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிதான்.

1964இல் உள்ளூர்த் தேவைக்கு மிஞ்சிய கண்கள் சிங்கப்பூருக்குப் பறந்தன. பெட்டகமும் கிடையாது, சிறப்பு வாகனமும் கிடையாது. சுடுதண்ணிப் போத்தலுக்குள் ஐஸைப் போட்டு, அதற்குள் கண்களை வைத்து விமானத்தில் கையோடு கொண்டுபோனார்கள். அன்று தொடங்கி, இலங்கை வெளிநாடுகளுக்குக் கொடுத்த கருவிழிகள் அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டன. 1996இல் மறைந்த முன்னாள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன தானம் செய்த கண்ணும் ஜப்பானுக்குச் சென்றது. பல ஆண்டுகள் கழித்து, கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலையில் அரசாங்கம் ஒரு நவீன கண் வங்கியை நிறுவியபோது உதவிக்கு வந்தது அதே சிங்கப்பூர்.

இதெல்லாம் கொழும்பிலிருந்து சொல்லும்போது கம்பீரமாக இருக்கும். கண்டி மலைச்சரிவில் நின்று பார்த்தால் வேறு கணக்கொன்று தெரியும். அது நேரக் கணக்கு.

கண் தானம் என்று நாம் சொன்னாலும் நோயாளிக்குப் பொருத்துவது முழுக் கண்ணை அல்ல. கைக்கடிகாரத்தின் மேல்கண்ணாடி போலக் கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய கருவிழிப் படலத்தை மட்டும்தான். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதனால் சிறுநீரகத்துக்குப் பார்ப்பதுபோலப் பொருத்தம் பார்த்துக் காத்திருக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. வயதானவர் கொடுக்கலாம், கண்ணாடி போட்டவர் கொடுக்கலாம், நீரிழிவு உள்ளவர் கொடுக்கலாம், கண்புரைக்குச் சத்திர சிகிச்சை செய்தவரும் கொடுக்கலாம். விசர்நாய்க்கடி, எச்.ஐ.வி., மஞ்சள்காமாலைக் கிருமிகள் போன்ற சில நோய்களால் இறந்தவர்களிடமிருந்து மட்டும் எடுப்பதில்லை. எடுப்பதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. முகம் விகாரமாகாது, சடங்கும் தள்ளிப்போகாது.

தடை ஒன்றே ஒன்றுதான். உயிர் பிரிந்து ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும்.

கலஹா, தெல்தோட்டை, ரங்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இரவு இரண்டு மணிக்கு ஒரு பெரியவர் காலமாகிறார் என்று வையுங்கள். பத்து வருஷத்துக்கு முன் வெசாக் பந்தலிலோ ஒரு கண் சிகிச்சை முகாமிலோ அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அந்தக் காகிதம் பெட்டிக்குள் எங்கோ கிடக்கிறது. வீட்டில் அழுகை. விடிந்ததும் இழவு சொல்ல ஆள் போகும், மலர்ச்சாலைக்குத் தகவல் போகும், பந்தல் வரும், நாற்காலி வரும். எட்டு மணிக்கு யாராவது, “அய்யா கண்ணு எழுதிக் குடுத்திருந்தாரே” என்று நினைவூட்டுவார். “பெரிய அண்ணன் கொழும்பிலிருந்து வந்து சேரட்டும்” என்று இன்னொருவர் சொல்வார். அண்ணன் வரும்போது நேரம் கடந்திருக்கும்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டவர் இல்லை, முடிவெடுக்க வேண்டியவர்கள் துக்கத்தில் இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்திருந்தாலும் குடும்பம் வேண்டாம் என்றால் அந்த வீட்டில் யாரும் கருவியை எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. தொண்டருக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான். படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு அவர் பணி முடிவதில்லை. அந்த ஆறு மணி நேரத்துக்குள், துக்கத்தைக் கலைக்காமல் வீட்டுக்குள் போய், குடும்பத்தில் சொல் எடுபடும் ஒருவரைத் தனியே அழைத்துப் பேசத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும். கண்களை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டால் கருவிழி உலராமல் இருக்கும். இந்த நான்கு காரியங்களையும் பக்கத்து வீட்டுப் பையனே செய்யலாம். யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால்.

நம்மவர்களிடையே இன்னொரு தயக்கமும் உண்டு. கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்போம் என்பார்கள். கண்ணைத் தோண்டி அப்பிய வேடன் கண்ணப்பரை அறுபத்து மூவரில் ஒருவராக நிறுத்திக் கும்பிடும் நாம் இதைச் சொல்வது பொருத்தமில்லை. வாதாடி வெல்லும் விஷயமாகவும் இது தெரியவில்லை. கொடுத்த குடும்பம் ஒன்று அதே லயத்தில் இருந்தால் போதும், அச்சம் தானாகக் கழன்றுவிடும்.

இங்கே தொண்டர்களே அடிக்கடி மறக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். தானமாகக் கிடைக்கும் கண் எல்லாக் குருட்டுக்கும் மருந்தல்ல. கருவிழி மங்கியவருக்குத்தான் அது உதவும். விழித்திரையோ பார்வை நரம்போ கெட்டவருக்கு இதனால் பயனில்லை. அப்படியானால் கண்டிப் பக்கம் மக்களின் பார்வை எதனால் குறைகிறது?

இதற்கு ஊகம் வேண்டாம், ஆய்வே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் கண் மருத்துவர்களும் இங்குள்ள மருத்துவர்களும் சேர்ந்து கண்டி மாவட்டக் கிராமங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்களைப் பரிசோதித்தார்கள். தேர்ந்தெடுத்த 1721 பேரில் 1375 பேர் வேலையை விட்டுவிட்டு வந்து, கண்ணைக் காட்டி, கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். ‘கண்டி கண் ஆய்வு’ என்று 2009 முதல் மருத்துவ இதழ்களில் அது வெளிவந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஒரு கண்ணிலாவது புரை இருந்தது. பார்வைக் குறைவுக்கு முதன்மையான காரணங்கள் கண்புரையும், கண்ணாடி போட்டுத் திருத்தாமல் விட்ட குறைபாடும். முதலாவதற்கு ஒரு சிறு சத்திர சிகிச்சை போதும், இரண்டாவதற்கு மூக்குக் கண்ணாடி. இரண்டுக்குமே இறந்தவர் கண் தேவையில்லை. உயிரோடு இருப்பவரை மலையிலிருந்து இறக்கிக் கண்டி ஆஸ்பத்திரி வரை அழைத்துவர ஒரு ஆள்தான் தேவை.

தேயிலை மலைக்காரர்கள் அறிய வேண்டிய இன்னொரு ஆய்வு அசாமில் நடந்தது. நாற்பது வயதைத் தாண்டிய 751 கொழுந்து பறிப்பவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அருகில் உள்ளதைப் பார்ப்பதற்கான சாதாரணக் கண்ணாடியை உடனே கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்தபின் கொடுத்தார்கள். கண்ணாடி அணிந்தவர்கள் பறித்த கொழுந்து, மற்றவர்களை ஒப்பிட 21.7 சதவீதம் கூடியது. 2018இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் முடிவு வெளியானது. கிலோக் கணக்கில் சம்பளம் எண்ணும் நம் தோட்டங்களில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ஐம்பது வயதில் கொழுந்து குறைந்தால் “வயசாயிருச்சு” என்கிறோம். கையில் குறையிருக்காது, அரும்பையும் முற்றிய இலையையும் பிரித்துப் பார்க்கும் கண்ணில்தான் குறை.

பிள்ளைகள் விஷயத்தில் அரசாங்கம் ஒரு வழி வைத்திருக்கிறது. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் 1, 4, 7, 10ஆம் தரங்களில் கண்ணையும் பார்ப்பார்கள். பரிசோதகர் குறித்துக் கொடுத்தபின் அந்தப் பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்துப்போவது யார்? அம்மா மலையில், அப்பா கொழும்பில். ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். துண்டுச் சீட்டு புத்தகப் பைக்குள்ளேயே நைந்துவிடும். தானப் படிவத்துக்கு நேரும் அதே கதிதான்.

முகாம் நடத்தும் லயன்ஸ் கழகங்களுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் கோயில் சபைகளுக்கும் எனவே ஒரு வேண்டுகோள். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பதை மட்டும் அறிக்கையில் எழுதாதீர்கள். எத்தனை பேர் கண்ணாடி போட்டார்கள், எத்தனை பேருக்குப் புரை எடுத்தாயிற்று என்பதை மூன்று மாதம் கழித்துப் போய்க் கேட்டு எழுதுங்கள்.

ஆராய்ச்சியும் ஒரு பக்கம் நகர்கிறது. கியோட்டோவில் பேராசிரியர் ஷிகேரு கினோஷிதாவின் குழு, தானமாகப் பெற்ற கருவிழியின் உட்புறச் செல்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து நோயாளிகளின் கண்ணுக்குள் ஊசியால் செலுத்தியது. 11 நோயாளிகளிடம் கண்ட பலனை 2018இல் வெளியிட்டார்கள். 2023இல் ஜப்பான் அரசு அந்தச் சிகிச்சையை அனுமதித்தது. ஒருவர் கொடுத்த கண் பலருக்குப் போதும் என்ற நிலை நெருங்குகிறது. ஆனால் அந்தச் செல்லும் ஒரு மனிதர் கொடுத்த கண்ணிலிருந்துதான் வர வேண்டும். எவ்வளவு வளர்ந்தாலும் விஞ்ஞானம் முதல் அடியை ஓர் இழவு வீட்டில்தான் வைக்கிறது.

அந்த வீட்டுக்கு முதலில் போவது யார் என்பது நமக்கெல்லாம் தெரியும்: மரணாதார சங்கம். கிராமமானாலும் தோட்டமானாலும் மரணச் செய்தி சங்கத் தலைவருக்குப் போய்விடும். பந்தல், நாற்காலி, சவப்பெட்டிச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்தக் குடும்பத்தில் யார் சொன்னால் எடுபடும் என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. புதிதாக ஓர் அமைப்பைத் தொடங்குவதைவிட, இருக்கும் மரணாதார சங்கங்களின் அங்கத்தவர் படிவத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: கண் தானத்துக்கு எழுதியிருக்கிறாரா, ஆம் எனில் வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும்? பந்தல்காரர் எண்ணுக்குப் பக்கத்தில் கண் தான சங்கத்தின் எண்ணையும் எழுதி வைக்கலாம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கு இருக்கும் வேலை இன்னும் சுலபம். மூத்த பிள்ளைக்கு இன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: “நான் போனால் உனக்காகக் காத்திருக்க வேண்டாம், எடுக்கச் சொல்லிவிடு.”

(அடுத்த வாரம்: கண்ணோடு நிறுத்தாமல் முழு உடலையும் பேராதனை மருத்துவ பீடத்துக்கு எழுதிக் கொடுப்போர்.)