சாவியை எடுத்த பிறகும் நிற்காத புகை

உங்கள் வீட்டுக் காரில் ஆம்ப்ளிஃபையர் பொருத்தியிருக்கிறீர்களா? அல்லது வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த மகனோ மருமகனோ கொண்டுவந்த ஒன்று, பொருத்துவாரை எதிர்பார்த்துப் பெட்டிக்குள் கிடக்கிறதா? அப்படியானால் சற்றுப் பொறுமையுடன் இதைப் படியுங்கள். நான் மின்பொறியாளன் அல்லன். கலைப்பட்டம் பெற்று மதரஸாவில் பாடம் நடத்துபவன். ஆயினும் 2018ஆம் ஆண்டில் ஓர் இரவு எனக்கே இந்தப் பாடத்தை நடத்திவிட்டது.

கீழக்கரையில் ஒரு திருமணத்தை முடித்துக்கொண்டு மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மச்சானின் கார். பின்னிருக்கையில் லாத்தாவும் மூன்று பிள்ளைகளும் உறங்கிக்கொண்டிருந்தனர். பரமக்குடியைத் தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை எழுந்தது. டாஷ்போர்டின் அடியிலிருந்து புகை! மச்சான் காரை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். புகை நிற்கவில்லை. சாவியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டார். அப்போதும் நிற்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலையோரப் புளியமரத்தடிக்கு ஓடினோம். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் ஸ்பேனருடன் இறங்கிவந்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகே புகை அடங்கியது. (தீயே மூண்டிருந்தால் பானெட்டைத் திறப்பது பேராபத்து. காற்றுப் புகுந்தால் தீ மேலெழும். அப்போது விலகி நிற்பதே அறிவு.)

சாவியை எடுத்தும் புகை ஏன் நிற்கவில்லை? ஆம்ப்ளிஃபையருக்கு வேண்டிய மின்சாரம் சாவி வழியாக வருவதன்று; பேட்டரியிலிருந்தே ஒரு தடித்த கம்பி நேரே செல்கிறது. ஸ்டீரியோவிலிருந்து வரும் 'ரிமோட்' என்னும் மெல்லிய கம்பி, எப்போது விழிக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்று ஆம்ப்ளிஃபையருக்குச் சொல்கிறது, அவ்வளவே. தடித்த கம்பியிலோ இரவும் பகலும் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

அந்தக் கம்பி எஞ்சின் பகுதியிலிருந்து உள்ளே வருவதற்கு இரும்புத் தகட்டில் துளையிட்டிருந்தார்கள். துளைக்கு ரப்பர் வளையம் போடவில்லை. வண்டியின் அதிர்வில் தகட்டின் விளிம்பு கம்பியின் மேலுறையை நாள்தோறும் அறுத்து, செம்பு இரும்பைத் தொட்டுவிட்டது. "ஆம்ப்ளிஃபையரிலேயே ஃபியூஸ் இருக்கிறதே!" என்றார் மச்சான். உண்மைதான். ஆனால் அது டிக்கியில் இருந்தது. கம்பி தொட்ட இடமோ அதற்கு வெகுமுன்னே. அந்த ஃபியூஸுக்கு நடந்தது எதுவும் தெரியாது! பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் தனியாக ஒரு ஃபியூஸ் இருந்தாக வேண்டும். அது காப்பது ஆம்ப்ளிஃபையரை அன்று, கம்பியை. கம்பியைக் காப்பது காரையும் அதில் இருப்போரையும் காப்பதாகும்.

12 வோல்ட்தானே என்று பலரும் அலட்சியமாகச் சொல்வர். தொட்டால் அடிக்காது என்பது சரியே. ஆனால் இரு முனைகளும் நேரடியாக இணைந்துவிட்டால் கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். கம்பி பழுக்கச் சிவந்துபோக அது போதும்.

வேலையை மறுபடி செய்தவர் எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன், வயதில் மூத்தவர். முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். காரணம் கேட்டேன். "பாஸிட்டிவை முதல்ல கழட்டும்போது ஸ்பேனர் பாடியில பட்டா அங்கேயே ஷார்ட் ஆயிடும் தம்பி" என்றார். பழைய கம்பியைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார். செந்நிறத்துக்கு உள்ளே வெள்ளை. செம்புப் பூச்சிட்ட அலுமினியம்! அதே பருமனில் செம்பைவிடக் குறைவாகவே அது மின்சாரம் கடத்தும்.

பெட்டியின் மேல் 1500 வாட் என்று அச்சிட்டிருந்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் ஃபியூஸ்களை எண்ணினார்: 20 ஆம்பியரில் இரண்டு. 40 ஆம்பியரை, எஞ்சின் ஓடும்போதுள்ள 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 552 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். அதிலும் பழைய வகை ஆம்ப்ளிஃபையர்களில் ஏறத்தாழப் பாதி வெப்பமாகப் போய்விடும். 'கிளாஸ் டி' வகையில் விரயம் குறைவு. வாங்கும்போது அட்டையைப் படிக்காமல் ஃபியூஸைப் படியுங்கள்!

புதிய கம்பி போட்டாயிற்று; ஃபியூஸும் வைத்தாயிற்று. ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒலிப்பெட்டியில் 'ஙீ...' என்று ஓர் ஊளை. வேகம் கூடக் கூட அதன் சுருதியும் கூடிற்று. மச்சான் ஸ்டீரியோவையே மாற்றிவிடலாம் என்றார். பெரியவர் இசையவில்லை. ஆம்ப்ளிஃபையரைச் சத்தமாக ஓடவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை அதன் எர்த் திருகிலும், மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தார். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டுக்கும் மேலாகக் காட்டிற்று. எர்த் கம்பியை இருக்கையின் போல்ட்டில், பெயின்ட்டின் மேலேயே முறுக்கியிருந்தனர். ஓர் ஓமில் பத்திலொரு பங்கு தடை இருந்தாலே 40 ஆம்பியரில் 4 வோல்ட் வீணாகும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அடித்தகட்டில் வேறோர் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளபளத்த பின் போல்ட் போட்டு இறுக்கினார். எர்த் கம்பி ஒன்றரை அடிக்கு மேல் போகக்கூடாதாம். மின்கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்த ஆர்.சி.ஏ. கம்பியைப் பிரித்து, காரின் மறுபக்கமாகக் கொண்டுபோனார். ஊளை அடங்கிற்று.

ஆம்ப்ளிஃபையர் உயிரற்றுக் கிடந்தால் பார்க்க வேண்டியவை மூன்று திருகுகளே. பாஸிட்டிவுக்கும் எர்த்துக்கும் இடையே 12 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா? ஸ்டீரியோ ஓடும்போது ரிமோட்டிலும் அவ்வாறே வருகிறதா? இரண்டும் இருந்து, 'புரொடெக்ட்' விளக்கு எரிந்தால் ஒலிப்பெட்டிக் கம்பிகள் அனைத்தையும் கழற்றிப் பாருங்கள். விளக்கு அணைந்தால் குற்றம் அக்கம்பிகளிலோ ஒலிப்பெட்டியிலோ உள்ளது. அணையாவிட்டால் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையரிலேயே. 'கெயின்' திருகைச் சத்தம் கூட்டும் பொத்தானாக எண்ணி முழுதும் திருப்பும் பழக்கம் நம் இளைஞர்களிடம் உண்டு. ஸ்டீரியோவின் ஒலியளவுக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்துவதற்கே அது இருக்கிறது. அளவு மீறினால் ஒலி சிதையும். ஒலிப்பெட்டியின் சுருளும் கருகும்.

துளையிடும் முன் தகட்டின் மறுபுறம் பெட்ரோல் குழாய் போகிறதா என்று குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஏர்பேக் கம்பிகளின் அருகே கைவைக்க விடாதீர்கள்.

லாத்தா இப்போதும் அந்தக் காரில் ஏறுவதற்கு முன் பானெட்டைத் திறக்கச் சொல்கிறார். நீங்களும் இன்று மாலை திறந்து பாருங்கள். ஆம்ப்ளிஃபையருக்குச் செல்லும் கம்பியை பேட்டரியிலிருந்து விரலால் தொடர்ந்து செல்லுங்கள். ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் தென்படவில்லையா? நெகட்டிவ் முனையைக் கழற்றி, அந்தக் கம்பியையும் பேட்டரியிலிருந்து பிரித்து, அதன் முனையில் டேப் சுற்றி வையுங்கள். ஆள் வந்து சரிசெய்யும்வரை பாட்டில்லாமலே கார் ஓடட்டும்.