வலியும் காலமும் இடமும்

நெமிலிச்சேரியில் மின்தொடர் வண்டியேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்குவோர்க்கு வடசென்னை அண்மையிலேயே உள்ளது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை எனக் குத்துச்சண்டைக் குழுக்கள் புகழோடு விளங்கிய மண் அது. 1980-இல் முகம்மது அலியே சென்னைக்கு வந்து, ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடிச் சென்றார். ஒருவரோடொருவர் மோதாத பெருவீரர் இருவர் மோதியிருப்பின் வெல்பவர் யார் என்னும் வினா இத்தகைய மண்ணில் எழுவது இயல்பே. அவ்வினாவிற்கு விடை காணும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

பலரும் ஓர் எளிய கணக்கைக் கையாள்வர். முதலாமவர் இரண்டாமவரை வென்றார். இரண்டாமவர் மூன்றாமவரை வென்றார். ஆகவே முதலாமவர் மூன்றாமவரையும் வெல்வார் என்பர். ஹெவிவெயிட் வரலாறு இக்கணக்கைப் பொய்யாக்கிவிட்டது. 1971-இல் ஜோ ஃபிரேசியர் அலியை வென்றார். 1973-இல் ஜார்ஜ் ஃபோர்மன் அந்த ஃபிரேசியரை ஆறுமுறை கீழே வீழ்த்தி, இரண்டாம் சுற்றிலேயே வென்றார். இதன்படி ஃபோர்மன் அலியை எளிதில் வென்றிருத்தல் வேண்டும். ஆனால் 1974 அக்டோபர் 30-இல் கின்ஷாசா நகரில், எட்டாம் சுற்றில் வீழ்ந்தவர் ஃபோர்மனே.

காரணம் யாது? திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். அரசர்க்கு உரைத்த அம்முறை குத்துச்சண்டைக் களத்திற்கும் பொருந்தக் காண்கிறோம்.

முதலாவது வலி. ஒருவரது வலிமை எதிரியைப் பொறுத்தே பயன் தரும். குனிந்து நெருங்கி இடக்கையால் வளைத்துக் குத்துவது ஃபிரேசியரின் முறை. அலியிடம் பலித்த அம்முறை, நெருங்குவோரைத் தள்ளி நிறுத்திக் கீழிருந்து மேலாகக் குத்தும் ஃபோர்மனிடம் பலிக்கவில்லை. துணைவலியும் எண்ணத்தக்கது. 1975-இல் மணிலாவில், கண்கள் வீங்கிய ஃபிரேசியரைப் பதினான்காம் சுற்றுக்குப்பின் களத்திற்கு அனுப்பாமல் தடுத்தவர் அவருடைய பயிற்சியாளர் எட்டி ஃபட்ச்.

இரண்டாவது இடம். கின்ஷாசாவில் தளர்ந்திருந்த கயிறுகளில் சாய்ந்தே அலி எதிரியைக் குத்தவிட்டுக் களைப்படையச் செய்தார். போட்டி விதிகளும் இடத்தின் பாற்பட்டனவே. அன்று பட்டப்போட்டி 15 சுற்றுகள், இன்று 12. இறுதிச் சுற்றுகளில் வெல்லும் ஆற்றலுடையார்க்கு இன்று அவ்வாய்ப்பு இல்லை.

மூன்றாவது காலம். 1970-இல் வெளியான ஒரு திரைப்படத்தில், கணிப்பொறியின் முடிவெனக் கூறி, ராக்கி மார்சியானோ பதின்மூன்றாம் சுற்றில் அலியை வீழ்த்துவதாகக் காட்டினர். மார்சியானோ 49 போட்டிகளிலும் தோல்வி காணாமல் 1956-இல் ஓய்வு பெற்றவர். கணிப்பொறி அறிந்ததெல்லாம் மனிதர் ஊட்டிய எண்களையே. எந்த வயதின் அலி, எந்த வயதின் மார்சியானோ என்று முடிவு செய்தவரும் மனிதரே.

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. 1980 அக்டோபரில், 38 வயது அலி லாரி ஹோம்சை எதிர்த்தபோது, பழைய வெற்றிகளை எண்ணி அவரே வெல்வார் என நம்பியோர் பலர். பத்துச் சுற்றுகள் அடிபட்ட பின்னரே போட்டி நிறுத்தப்பட்டது. காலம் கருதாத கணிப்பின் விலையை, கணித்தவர் செலுத்துவதில்லை. களத்தில் நிற்பவரின் உடலே செலுத்துகிறது.

ஆதலின், வெல்பவர் யார் என வினவுமுன், எந்த ஆண்டில், எவரை எதிர்த்து, எத்தனை சுற்றுகளில் என வினவுவோமாக.