வாசலில் நின்று புகைத்தால் யாருக்கு நஷ்டம்?

ரெயிலிலும் சண்டை! கப்பலிலும் சண்டை!

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையத்துக்கு ரெயிலில் சுமார் கால் மணி நேரம் ஆகும். ஒரு பீடி தீருவதற்கு அந்த நேரம் தாராளம்.

சென்னையில் இருந்து செங்கோட்டைக்குப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸ், காலையில் இந்தப் பக்கம் வருகிறது. இரவெல்லாம் படுத்து வந்தவர்கள் எழுந்து போர்வையை மடிப்பார்கள். மேற்கே மலை தெரியும். அந்த நேரத்தில் சிலருக்குக் கை பரபரக்கும். மெல்ல எழுந்து வாசல் பக்கம் போவார்கள். கதவைத் திறப்பார்கள். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்கும்.

உள்ளே கைக்குழந்தையோடு ஒரு தாய் இருப்பாள். இருமல்கார பெரியவர் ஒருவர் இருப்பார்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு ஆகாது. கொஞ்சம் அணைச்சிடுங்க!"

"நான் உள்ளேயா பிடிக்கேன், தாயி? வாசல்லதானே நிக்கேன். புகை வெளியேதானே போகுது!"

இப்படி ஒரு பேச்சு தொடங்கும். சில சமயம் அதோடு முடியும். சில சமயம் பெட்டியே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும்.

புகை வெளியேதான் போகிறதா? ரெயில் ஓடும்போது காற்று எதிர்த்து வீசுகிறது. வாசலில் விட்ட புகையை அந்தக் காற்று பின்னால் தள்ளுகிறது. பின்னால் இருப்பது என்ன? அடுத்த சன்னல்! அதன் வழியாகப் புகை மறுபடியும் உள்ளே வருகிறது. புகைத்தவர் முகத்தில் நல்ல காற்று. சன்னல் ஓரத்தில் இருப்பவர் முகத்தில் பீடி நாற்றம்.

கடலிலும் இதே கதை

சொகுசுக் கப்பல் என்று ஒன்று உண்டு. ஊர் போய்ச் சேருவதற்காக அல்லாமல், உல்லாசத்துக்காகவே கடலில் சுற்றி வரும் கப்பல் அது. சென்னைத் துறைமுகத்தில் இருந்தும் 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் அப்படி ஒரு கப்பல் புறப்பட்டது. பெயர் 'எம்பிரஸ்'. விசாகப்பட்டினம் போய் வந்தது.

வெளிநாட்டுப் பெரிய கப்பல்களில் பல அறைகளுக்குத் தனித்தனியே பால்கனி இருக்கும். நம் ஊர் மாடி வீட்டுத் தாழ்வாரம் போல. நாற்காலி போட்டு உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம். அதற்குக் கட்டணமும் அதிகம்.

அங்கேதான் சண்டை வந்தது.

"பணம் கொடுத்து வாங்கிய பால்கனி. சுற்றிலும் கடல். வீசுவதோ பெருங்காற்று. இங்கே கூடப் புகைக்கக் கூடாதா?" என்றார் ஒருவர்.

"நானும் அதே பணம்தான் கொடுத்தேன். உங்கள் புகையால் என் பால்கனியில் என்னால் உட்கார முடியவில்லையே!" என்றார் பக்கத்து அறைக்காரர்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பது போலத்தான் தோன்றுகிறது. ஆனால் 2006-ம் ஆண்டு ஒரு ராத்திரி நடந்த சம்பவம் இந்தப் பேச்சின் போக்கையே மாற்றிவிட்டது.

அந்தக் கப்பலின் பெயர் 'ஸ்டார் பிரின்சஸ்'. மார்ச் 23-ந் தேதி. அமெரிக்காவை அடுத்த கரீபியன் கடலில் ஜமைக்கா தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பயணிகள் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். ஊழியர்கள் ஆயிரத்துக்கும் மேல். நேரம் அதிகாலை 3 மணி. எல்லோரும் நல்ல தூக்கம்.

10-வது தளத்தில் ஒரு பால்கனியில் தீ எழுந்தது.

பால்கனிகளுக்கு நடுவே தடுப்பாக வைத்திருந்தது பிளாஸ்டிக் பலகை. நாற்காலி பிளாஸ்டிக். தரையில் பதித்த வில்லைகளும் தீப்பற்றக் கூடியவை. கடல் காற்று வேறு. கேட்கவேண்டுமா? ஒரு பால்கனியில் இருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து மேல் தளத்துக்கு என்று தீ தாவியது. சில நிமிடங்களில் பல தளங்கள் எரிந்தன. கண்ணாடிக் கதவுகள் வெடித்துச் சிதறின. கரும்புகை நடைபாதைகளை அடைத்தது. அபாயச் சங்கு ஊதியது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் ஓடினார்கள்.

அறைகளுக்குள்ளே தீப்பிடித்தால் தானாகவே தண்ணீர் கொட்டும் குழாய்கள் இருந்தன. அதனால் தீ உள்ளே பரவாமல் தடுக்கப்பட்டது. பால்கனியில் அந்தக் குழாய் இல்லை. 'திறந்தவெளிதானே, அங்கே எதற்கு?' என்று விட்டுவிட்டார்கள்!

ஊழியர்கள் போராடித் தீயை அணைத்தார்கள். புகையில் சிக்கி ஒரு பயணி உயிர் இழந்தார். பத்துப் பேருக்கு மேல் சிகிச்சை பெற்றார்கள். 79 அறைகள் அடியோடு வீணாயின. இன்னும் 200-க்கும் மேற்பட்ட அறைகள் சேதம்.

பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணை அதிகாரிகள் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். பெரும்பாலும் ஒரு சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்கள். யாரோ அணைக்காமல் போட்ட துண்டு. அதைப் போட்டவர் யார் என்று தெரியவில்லை.

அதன் பிறகு உலகக் கப்பல் விதிகள் மாறின. பால்கனியில் எளிதில் எரியாத பொருள்கள்தான் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தீயைக் கண்டுபிடிக்கும் கருவியும், தண்ணீர் பீய்ச்சும் குழாயும் வேண்டும். இந்த விதி 2008 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் பால்கனியில் புகைக்கத் தடை போட்டன. 'பிரின்சஸ்' கம்பெனி 2012-ல் போட்டது. 'ராயல் கரீபியன்', 'கார்னிவல்' கம்பெனிகள் 2014-ல் போட்டன. புகைப்பவர்களுக்குத் திறந்த தளத்தில் தனி இடம் ஒதுக்கினார்கள். முணுமுணுப்பு மட்டும் ஓயவில்லை.

பஞ்சு ஊருக்குத் தெரியாதா?

ஒரு பொறி என்ன செய்யும் என்று ராஜபாளையத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அது பஞ்சு ஊர். 1936-ம் ஆண்டு பி.ஏ.சி.ராமசாமி ராஜா அங்கே ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பிறகு நூல் மில்கள் பெருகின. பக்கத்தில் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். எங்கு பார்த்தாலும் பஞ்சும் நூலும்தான்.

மில்லுக்குள் பறக்கும் பஞ்சுத் தூசியில் ஒரு கங்கு விழுந்தால் போதும். அங்கே நின்றுகொண்டு, "நான் வாசலில்தானே பிடிக்கிறேன்" என்று எந்தத் தொழிலாளியும் வாதாட மாட்டார். எட்டு மணி நேர ஷிப்டில் பீடியை மறந்து வேலை செய்கிறவர், ரெயிலில் ஏறிய உடன் கால் மணி நேரம் பொறுக்க முடியாதவர் ஆகிவிடுவது வேடிக்கைதான்!

மேற்கே மலையிலும் இதே கவலை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் காடு சாம்பல் நிற மலை அணில்களுக்குப் பெயர் போனது. 2021-ம் ஆண்டு அது மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கப்பட்டது. கோடையில் அங்கே புல் சருகாகக் காய்ந்து கிடக்கும். சதுரகிரி மலைக்குப் போகும் பக்தர்களைத் தாணிப்பாறை அடிவாரத்தில் சோதித்து அனுப்புகிறார்கள். தீப்பற்றும் பொருள்களை மேலே கொண்டு போகக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இதில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்து ரெயில்வே சட்டம் 1890-ம் ஆண்டு வந்தது. 'உடன் வரும் பயணிகளின் சம்மதம் இல்லாமல் பெட்டியில் புகைத்தால் 20 ரூபாய் வரை அபராதம்' என்றது அந்தச் சட்டம். அந்தக் காலத்து 20 ரூபாய்! புகைக்க விரும்புகிறவர் முதலில் மற்றவர்களைக் கேட்கவேண்டும்.

1989-ம் ஆண்டு புதிய ரெயில்வே சட்டம் வந்தது. 'வேறொரு பயணி ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது' என்று அது சொன்னது. அபராதம் 100 ரூபாய் வரை. கவனித்தீர்களா? முன்பு புகைக்கிறவர் வாய் திறக்கவேண்டி இருந்தது. பிறகு புகையால் அவதிப்படுகிறவர் வாய் திறக்கவேண்டியது ஆயிற்று. முன்பின் தெரியாத ஆணிடம், ஓடும் ரெயிலில், எத்தனை பெண்கள் துணிந்து ஆட்சேபிப்பார்கள்? ரெயிலை முழுவதுமாகப் புகையில்லா ரெயில் ஆக்கும் அதிகாரத்தையும் அதே சட்டம் ரெயில்வேக்குக் கொடுத்தது என்பது ஓர் ஆறுதல்.

1999-ம் ஆண்டு ஜூலையில் கேரள ஐகோர்ட்டு ஒரு தீர்ப்பு அளித்தது. பொது இடத்தில் புகைப்பது சட்ட விரோதம் என்று கூறியது. தீர்ப்பு அளித்த நீதிபதிகளில் ஒருவர் ஏ.ஆர்.லட்சுமணன். நம் தேவகோட்டைக்காரர். 2001 நவம்பர் 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, ரெயில், பஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு முதலிய இடங்களில் நாடு முழுவதும் புகைக்கத் தடை போட்டது. 2003-ல் மத்திய சட்டம் வந்தது. 2008-ம் ஆண்டு காந்தி ஜெயந்தி அன்று கடுமையான விதிகள் அமலுக்கு வந்தன. அபராதம் 200 ரூபாய் வரை.

"பிளாட்பாரம் திறந்தவெளி ஆயிற்றே?" என்று சிலர் கேட்பார்கள். ரெயில் நிலையமும், பஸ் நிறுத்தமும் அந்த விதிகளில் அடங்கும். பெரிய ஓட்டல்களிலும் விமான நிலையங்களிலும் புகைக்கத் தனி அறை வைக்கலாம். ரெயிலில் அதுவும் கிடையாது.

இப்போது வரும் ரெயில்களில் புகையைக் கண்டுபிடிக்கும் கருவியும் இருக்கிறது. 2023 ஆகஸ்டு மாதம் திருப்பதியில் இருந்து செகந்திராபாத் சென்ற வந்தே பாரத் ரெயிலில் ஒருவர் டிக்கெட் இல்லாமல் ஏறினார். கழிவறைக்குள் புகுந்து பீடியோ சிகரெட்டோ பற்ற வைத்தார். அபாய மணி அடித்தது. தீயை அணைக்கும் பொடி தானாகவே பீய்ச்சியது. ரெயிலே நின்றுவிட்டது! சன்னலை உடைத்து ஆளை வெளியே கொண்டுவந்தார்கள்.

வீட்டில் மட்டும் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்து தாத்தா சுருட்டுப் பிடிப்பார். மாடி பால்கனியில் மகன் சிகரெட் பிடிப்பார். காற்று திரும்பினால் புகை தொட்டில் பக்கம் போகும். புகைக்காமல், பிறர் விட்ட புகையைச் சுவாசித்தே ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அங்கே ஆட்சேபிக்க வேண்டியவர் பாட்டி. அல்லது மருமகள். மருமகள் மாமனாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது வேறு பிரச்சினை. "பிள்ளை இருமுது மாமா" என்று சொல்லித் தொட்டிலை உள்ளே நகர்த்திவிடுகிற பெண்கள்தான் அதிகம். சில மாமனார்கள் அதிலேயே புரிந்துகொண்டு தெருக்கோடிக்குப் போய்விடுகிறார்கள்.

ரெயிலில் அப்படி நகர இடம் இல்லை. வாசலில் யாராவது புகைத்தால் டிக்கெட் பரிசோதகரிடமோ, ரெயில்வே போலீசாரிடமோ சொல்லலாம். 139 என்ற எண்ணுக்குப் போன் செய்து, ரெயில் பெயரையும் பெட்டி எண்ணையும் கூறினாலும் போதும். சண்டை போட வேண்டியதில்லை.