கணவர் நாட்டின் வாசலில் 3 ஆண்டு!

கல்யாணம் ஆன ஒரு பெண், கணவரின் நாட்டுக்குக் கப்பலில் வந்து சேருகிறாள். கரையில் அதிகாரிகள் வழி மறிக்கிறார்கள். உள்ளே விட முடியாது என்கிறார்கள். "நான் செய்த குற்றம் என்ன?" என்று அவள் கேட்கிறாள். அதையும் சொல்ல முடியாது என்கிறார்கள்!

இது கட்டுக்கதை அல்ல. 1948-ல் அமெரிக்காவில் நடந்த உண்மை. அந்தப் பெண்ணின் பெயர் எல்லன் நாப்.

இன்று நம் ஊர்களிலும் "கிரீன் கார்டு" என்ற பேச்சு அடிபடுகிறது. மகனோ, மகளோ, மருமகனோ அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் பல. ஆகவே எல்லனின் கதை நமக்கும் பாடம்.

யார் இந்த எல்லன்?

எல்லன் 1915-ல் ஜெர்மனியில் பிறந்தாள். ஹிட்லர் ஆட்சியின்போது நாட்டை விட்டு வெளியேறி, செக்கோஸ்லோவாகியாவுக்குப் போனாள். பிறகு 1939-ல் அகதியாக இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே அவள் சும்மா இருக்கவில்லை. ஹிட்லரை எதிர்த்துப் போரிட்ட பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தாள். 1943 முதல் 1946 வரை உழைத்தாள். நல்ல பெயர் எடுத்தாள்.

போர் முடிந்தது. ஜெர்மனியில் இருந்த அமெரிக்க ராணுவ இலாகாவில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவளுடைய வேலை மிக நன்றாக இருப்பதாக மேலதிகாரிகள் எழுதி வைத்தார்கள்.

அங்கேதான் குர்ட் நாப் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் அமெரிக்கக் குடிமகன். போரில் அமெரிக்கப் படையில் இருந்து, நற்சான்றுடன் வெளியே வந்தவர். 1948 பிப்ரவரி 28-ந் தேதி கல்யாணம் நடந்தது. பிராங்க்பர்ட் நகரில் இருந்த படைத் தளபதியிடம் முறைப்படி அனுமதி வாங்கித்தான் நடந்தது.

போர் மணமகள் சட்டம்

போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் வெளிநாடுகளில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்த மனைவிமார் சீக்கிரம் அமெரிக்கா வருவதற்காக 1945 டிசம்பர் 28-ந் தேதி ஒரு சட்டம் செய்தார்கள். அதற்குப் "போர் மணமகள் சட்டம்" என்று பெயர்.

சட்டத்துக்கு ஆயுள் 3 ஆண்டுதான். அதன்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அமெரிக்காவில் காலடி வைத்தார்கள். எல்லனும் அந்தச் சட்டத்தை நம்பித்தான் புறப்பட்டாள்.

தீவில் காவல்

1948 ஆகஸ்ட் 14-ந் தேதி எல்லன் நியூயார்க் துறைமுகம் வந்து சேர்ந்தாள். கணவர் வேலையின் காரணமாக பிராங்க்பர்ட்டிலேயே இருந்தார்.

அவளை நகருக்குள் விடவில்லை. எல்லிஸ் தீவில் கொண்டுபோய் வைத்தார்கள். அது சுதந்திர தேவி சிலைக்குப் பக்கத்தில் உள்ள சிறு தீவு. 1892 முதல் அமெரிக்காவுக்கு வந்த சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் நுழைந்த வாசல் அது. எல்லனுக்கோ அது சிறைச்சாலை ஆயிற்று.

அக்டோபர் 6-ந் தேதி உத்தரவு வந்தது. "இவள் உள்ளே வருவது நாட்டின் நலனுக்குக் கேடு. விசாரணை தேவை இல்லை. நிரந்தரமாக விலக்கி வைக்க வேண்டும்" என்று குடியேற்ற இலாகா அதிகாரி சிபாரிசு செய்தார். அட்டர்னி ஜெனரல் டாம் கிளார்க் அன்றே அதை ஏற்றார். அந்தப் பதவி நம் சட்ட மந்திரி பதவி போன்றது.

காரணம் என்ன? ரகசியம்!

போர்க்காலத்தில், 1941-ல், செய்த ஒரு சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. 1945-லேயே பீரங்கிகள் ஓய்ந்துவிட்டன. ஆனால் "நெருக்கடி நிலை" மட்டும் காகிதத்தில் உயிரோடு இருந்தது. அந்தக் காகிதம் எல்லனின் வழியை அடைத்தது. அதற்குள் டிசம்பர் மாதம் வந்தது. போர் மணமகள் சட்டத்தின் காலமும் முடிந்துபோயிற்று.

நாலுக்கு மூன்று

எல்லன் கோர்ட்டுக்குப் போனாள். கீழ்க் கோர்ட்டில் தோல்வி. அப்பீலிலும் தோல்வி. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

1950 ஜனவரி 16-ந் தேதி தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகளில் இருவர் வழக்கில் கலந்துகொள்ளவில்லை. அந்த இருவரில் ஒருவர் டாம் கிளார்க். எல்லனை விலக்கிய அட்டர்னி ஜெனரல் அதற்குள் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஆகியிருந்தார்! மீதி ஏழு பேரில் 4 பேர் சர்க்கார் பக்கம். 3 பேர் எல்லன் பக்கம். ஒரே ஓட்டில் எல்லன் தோற்றாள்.

வெளிநாட்டார் உள்ளே வருவது உரிமை அல்ல, சலுகைதான். அதற்குச் சட்டசபை வகுத்த முறை எதுவோ அதுவே அவர்களுக்கு நியாயம் என்றார் தீர்ப்பு எழுதிய நீதிபதி மின்டன்.

எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் நீதிபதி ஜாக்சன். இவர் யார் தெரியுமா? ஹிட்லரின் கூட்டாளிகள் மீது நியூரம்பர்க் நகரில் நடந்த வழக்கில் அமெரிக்காவின் தலைமை வக்கீலாக வாதாடியவர். அந்தக் கொடியவர்களுக்குக்கூட குற்றப்பத்திரிகை தந்து, பகிரங்கமாக விசாரித்தார்கள். எல்லனுக்கு அதுவும் இல்லை. இந்தப் பெண்ணை உள்ளே விடுவதால் வரும் ஆபத்தைவிட, காரணம் சொல்லாமல் விரட்டும் முறையால் சுதந்திரத்துக்கு வரும் ஆபத்து பெரிது என்ற கருத்தில் ஜாக்சன் எழுதினார்.

விமானம் தயார்!

செயின்ட் லூயி நகரத்துப் "போஸ்ட் டிஸ்பாட்ச்" பத்திரிகை எல்லனுக்காக வரிந்துகட்டிக்கொண்டு எழுதியது. அமெரிக்கச் சட்டசபையான காங்கிரசில் அவளுக்காகத் தனி மசோதா கொண்டு வந்தார்கள்.

மசோதா முடிவாகவில்லை. அதற்குள் 1950 மே மாதத்தில் அவளை விமானத்தில் ஏற்றி ஜெர்மனிக்கு அனுப்ப அதிகாரிகள் முனைந்தார்கள். கடைசி நேரத்தில் நீதிபதி ஜாக்சன் தடை உத்தரவு போட்டார். காங்கிரஸ் யோசித்துக்கொண்டிருக்கும்போது ஆளையே அனுப்பிவிட்டால் மசோதா யாருக்காக?

அவளை இடையிடையே சில காலம் வெளியே விட்டார்கள். பிறகு மறுபடியும் தீவுக்கே கொண்டு போனார்கள்.

ரகசியம் வெளிவந்தது

1951 மார்ச் மாதம் எல்லன் கேட்டது நடந்தது. பகிரங்க விசாரணை! அப்போதுதான் குற்றச்சாட்டு வெளியே வந்தது. ஜெர்மனியில் வேலை பார்த்தபோது செக்கோஸ்லோவாகியா நாட்டாருக்கு அவள் ரகசியங்களைச் சொன்னாளாம்.

விசாரித்த குழு அவளுக்கு எதிராகவே முடிவு செய்தது. ஆனால் இப்போது குற்றச்சாட்டு இன்னது என்று தெரிந்துவிட்டது. பதில் சொல்ல வழி பிறந்தது. எல்லன் அப்பீல் செய்தாள். ஆகஸ்ட் 29-ந் தேதி அப்பீல் குழு அவள் பக்கம் தீர்ப்பளித்தது. சாட்சியம் எல்லாம் செவிவழிச் செய்தி, ஆதாரம் போதாது என்று சொல்லிவிட்டது.

1951 நவம்பர் 2-ந் தேதி புதிய அட்டர்னி ஜெனரல் அதை ஏற்றார். வந்து மூன்று ஆண்டு, இரண்டு மாதத்துக்குப் பிறகு எல்லன் கரை ஏறினாள். 1952-ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினாள். எல்லிஸ் தீவும் 1954-ல் மூடப்பட்டது. இன்று அது காட்சிசாலை.

பழைய தீர்ப்பு சாகவில்லை

தீவு மூடினாலும் தீர்ப்பு மூடவில்லை. முனோஸ் என்ற அமெரிக்கப் பெண் வக்கீலின் கணவர் எல்சால்வடார் நாட்டவர். விசா வாங்குவதற்காக அவர் சொந்த நாட்டுக்குப் போனார். 2015-ல் விசா மறுக்கப்பட்டது. அவர் ஒரு குற்றக் கும்பலைச் சேர்ந்தவர் என்று சந்தேகம். அவரோ இல்லை என்றார். அந்தக் காரணம்கூட ஆண்டுகள் கழித்து, வழக்கு நடந்தபோதுதான் மனைவிக்குத் தெரிந்தது. 2024-ல் சுப்ரீம் கோர்ட்டில் அவள் தோற்றாள். குடிமக்களின் கணவர் அல்லது மனைவியை நாட்டுக்குள் விட்டே ஆக வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லவில்லை என்பது தீர்ப்பு. எல்லனின் வழக்கையும் அதில் எடுத்துக் காட்டினார்கள்.

காத்திருப்பவர் கவனத்துக்கு

கணவருக்காக அல்லது மனைவிக்காக அமெரிக்கக் குடிமகன் கொடுக்கும் மனுவுக்கு "ஐ-130" என்று பெயர். அது நிலுவையில் இருக்கிறது என்பதாலேயே ஒருவரைப் பிடிக்க மாட்டார்கள் என்று எண்ணக் கூடாது. அந்த மனு மட்டும் தங்கும் உரிமை தராது.

உள்நாட்டிலேயே கிரீன் கார்டு கேட்கும் மனு "ஐ-485". அது முடிவாகும் முன், தாயார் பார்க்க வேண்டும், தங்கை கல்யாணம் என்று முன் அனுமதி இல்லாமல் ஊருக்குப் புறப்பட்டால், பெரும்பாலோருக்கு மனு கைவிடப்பட்டதாகிவிடும். 1996-ல் செய்த சட்டம் இன்னும் கடுமை. அனுமதி இல்லாமல் 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் 3 ஆண்டு திரும்ப முடியாது. ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் 10 ஆண்டு. சிலருக்கு விலக்கு உண்டு. அதை வக்கீலிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

வீடு மாறினால் 10 நாளுக்குள் புது விலாசம் தெரிவிக்க வேண்டும். "நான் அமெரிக்கக் குடிமகன்" என்று பொய் சொல்லவே கூடாது. அந்த ஒரு பொய் பிற்பாடு கதவை அடைத்துவிடும்.

அதிகாரிகள் வீட்டுக் கதவைத் தட்டினால் வாரண்டைக் காட்டச் சொல்லலாம். கோர்ட்டு நீதிபதி கையெழுத்திட்ட வாரண்டு வேறு. இலாகா அதிகாரி கையெழுத்திட்ட வாரண்டு வேறு. கோர்ட்டு வாரண்டு இல்லை என்றால் "உள்ளே வரச் சம்மதம் இல்லை" என்று அமைதியாகச் சொல்லலாம். மல்லுக்கட்டக் கூடாது. வாய் திறக்காமல் இருக்கவும் உரிமை உண்டு. புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. குடியேற்றக் கோர்ட்டில் வக்கீல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சர்க்கார் வக்கீல் தராது, செலவு நம்முடையது.

வெளிநாட்டவருக்கு இலாகா தரும் எண்ணை "ஏ நம்பர்" என்பார்கள். அதை வீட்டிலும் ஒருவர் எழுதி வைத்திருக்க வேண்டும். பிடித்துச் சென்றால், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேட அந்த எண் உதவும்.

எல்லனுக்கு வாசலைத் திறந்தது கல்யாணச் சீட்டு மட்டும் அல்ல. "என் மேல் என்ன குற்றம்? சொல்லுங்கள், பதில் தருகிறேன்" என்று மூன்று ஆண்டும் சளைக்காமல் கேட்டாளே, அந்தக் கேள்விதான் திறந்தது!