மூன்று மாத வேலைக்குக் கம்பெனி எதற்கு?

கிள்ளானில் இருக்கும் தோழிக்கு மூன்று மாதக் குத்தகை. மேடை அறிவிப்பு வேலை. "கம்பெனி பெயரில் பில் கொடுங்கள்" என்றார்களாம். "செண்டிரியான் பெர்ஹாட் திறக்கணுமா?" என்று பதறினார்.

அதற்குப் பதிவுக் கட்டணமே 1,000 ரிங்கிட். செயலாளர், ஆண்டறிக்கைச் செலவு தனி. வேலை முடிந்த பிறகும் அது தொடரும். தனிநபர் வணிகம் என்றால், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் கேஎல் சென்ட்ரலில் உள்ள எஸ்எஸ்எம்மில், சொந்தப் பெயருக்கு ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயருக்கு 60. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும்.

ஒன்றை மறக்கக்கூடாது. தனிநபர் வணிகத்தில் கடன் ஏறினால் சொந்தக் காரும் வீடும்கூடக் கைவிட்டுப் போகலாம். மேடை, விளக்கு, ஆட்கள் என்று பொறுப்பெடுப்பவர்கள் செண்டிரியான் பெர்ஹாட்டை யோசிக்கலாம்.

தோழியின் முதலீடு குரல் மட்டுமே. ஒப்பந்தத்தில் நஷ்டஈட்டுப் பகுதியைப் படித்துப் பார்த்தோம். பிறகு 60 ரிங்கிட்டோடு வேலை முடிந்தது.